வாயும் வயிறுமாய் ஓர் அப்பா

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழின் பின்னட்டையில், மலேசியாவின் பெர்ஹெந்தியான் தீவின் பவளத் திட்டில் எடுத்த ஒரு குழல்மீன் சோடியின் படம் வந்தது. ‘இடப்பக்கம் இருப்பது ஆண், வாலடியில் முட்டை சுமக்கிறது’ என்று ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தோம். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். மீன்தொட்டி பற்றிய கேள்விக்கு இடம் கூடுதலாகவே போயிருக்கிறது. அங்கே ஒரு உயிர் போகிற விஷயம் என்பதால் சுருக்க மனம் வரவில்லை.

படத்தைப் பார்த்துவிட்டு என் மகன் பாம்பு என்கிறான், மகள் கடல்குதிரைக் குட்டி என்கிறாள். யார் சொல்வது சரி?
— வாசகி, செந்தூல்

மகள் கொஞ்சம் பக்கத்தில் வந்திருக்கிறாள். குழல்மீனும் கடல்குதிரையும் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்தில் ஏறக்குறைய 300 இனங்கள் உண்டு. அதில் கடல்குதிரைகள் 50க்குள்தான். மீதியில் பெரும்பாலானவை குழல்மீன்கள். சுருண்ட வாலையும் மடிந்த கழுத்தையும் நிமிர்த்தி, ஆளைப் படுக்கப் போட்டால் கடல்குதிரை குழல்மீனாகிவிடும்.

இதன் உடம்பில் செதில் கிடையாது. தோலுக்கடியில் எலும்பு வளையங்கள் ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக நிற்கின்றன. படத்தில் இருந்த இனத்துக்கு உடற்பகுதியில் 16 முதல் 18 வளையமும், வாலில் 30க்கு மேலும் இருக்கும். இந்தக் கவசம் இருப்பதால் மற்ற மீன்களைப்போல் உடம்பை ஆட்டி நீந்த முடியாது. முதுகுத் துடுப்பை விடாமல் நடுங்க வைத்து, அந்த நடுக்கத்திலேயே நகர்கிறது. வயிற்றுத் துடுப்பு அறவே இல்லை. வால் துடுப்பு பெயருக்கு ஒரு சிறு விசிறி. செவுள் மடலைத் தூக்கிப் பார்த்தால் சீப்புப்போன்ற செவுள் இருக்காது, சிறுசிறு கொத்தாக இருக்கும். தண்ணீர் வெளியேற ஒரு சின்னத் துளைதான். வாயில் ஒரு பல் கூடக் கிடையாது.

இந்த ‘இல்லை’களுக்கெல்லாம் மரபணுவிலேயே காரணம் உண்டு. நம் கடலிலும் வாழும் புலிவால் கடல்குதிரையின் மரபணுத் தொகுதியை 2016இல் வெளியிட்டார்கள். வயிற்றுத் துடுப்பை வளர்க்கும் டிபிஎக்ஸ்4 என்ற மரபணுவும், பல் எனாமலுக்கான சில மரபணுக்களும் அதில் காணவில்லை. குழல்மீனிலும் டிபிஎக்ஸ்4 இல்லை.

மகனுக்கு ஓர் அடையாளம் சொல்லிக்கொடுங்கள். பாம்பு மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும், குழல்மீன் வராது. பக்கவாட்டில் பார்த்தால் முதுகின் நடுவில் கண்ணாடிபோல ஒரு துடுப்பு படபடத்துக்கொண்டிருக்கும். பாம்புக்கு அது ஏது?

இவ்வளவு அழகான பவளம் பக்கத்தில் இருக்க, படத்தில் இருந்த இரண்டும் உடைந்த பவளக் குப்பையிலும் மணலிலும் கிடந்தனவே. அடிபட்ட மீன்களா?
— வாசகர், பாயான் லெப்பாஸ்

அடிபடவில்லை, சாப்பாட்டு வேளை. அந்தக் குப்பைதான் அவற்றின் பந்தி.

குழல்மீனுக்கு இரைப்பை இல்லை. விழுங்கியது நேராகக் குடலுக்குப் போகிறது. நாம் காலையில் பசியாறிவிட்டு மதியம்வரை தாங்குவதுபோல் இதனால் தாங்க முடியாது, சேர்த்துவைக்க இடமில்லை. விடிந்ததிலிருந்து இருட்டும்வரை சிறுகச் சிறுகக் கொத்திக்கொண்டே இருந்தாக வேண்டும். வாயோ குழலின் நுனியில் ஒரு பொட்டு. அதற்குள் நுழைகிற அளவில், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரே உள்ள கோப்பிபாடு போன்ற ஓட்டுயிரிகள்தான் ஆகாரம். அவை எங்கே மொய்க்கும்? செத்த பவளத் துண்டுகளின்மேல் வெல்வெட்டுபோலப் படரும் குட்டைப் பாசியில். உயிருள்ள பவளத்தின் மேல் கொடுக்குள்ள பாலிப்புகள் (பவளத்தைக் கட்டும் சிறு உயிர்கள்) காவல் காக்கின்றன. அங்கே இதற்கு வேலையில்லை.

படத்தில் இருந்தது கோரிதோய்க்திஸ் ஹெமடோப்டெரஸ். 1851இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டியவர் பீட்டர் பிளீக்கர், டச்சுக்காரர்களின் கிழக்கிந்தியப் படையில் மருத்துவராக இருந்தவர். அதிகம் போனால் 20 சென்டிமீட்டர் வளரும். இந்தியப் பெருங்கடலின் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து மேற்குப் பசிபிக்வரை பரவியிருக்கிறது. ஆழமில்லாத காயல்கள், பவளத் திட்டின் ஓரங்கள், பாறைக்கிடையே மணல் படிந்த பள்ளங்கள் ஆகியவையே இடம். முழங்கால் ஆழத்திலிருந்து 20 மீட்டர்வரை.

எல்லாக் குழல்மீனும் இப்படித் தரையில் தவழ்வதில்லை. சிவப்பும் வெள்ளையுமாக வளையம் போட்ட டன்கரோகேம்பஸ் டாக்டிலியோஃபோரஸ், குகை வாயிலும் பாறை இடுக்கின் நிழலிலும் அந்தரத்தில் மிதக்கும். ஏழு சென்டிமீட்டர்தான் வளரும் நீலக்கோட்டு டோரிராம்பஸ் எக்ஸிசஸ் பாறைப் பிளவுக்குள், பல நேரம் கூரையை ஒட்டித் தலைகீழாக நீந்தும். அதன் உறவான டோரிராம்பஸ் ஜான்சி மற்ற மீன்களின் உடம்பில் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்று சுத்தம் செய்து கொடுக்கிறது. களவா மீன் வாயைத் திறந்துகொண்டு பொறுமையாக நிற்பதைப் பார்த்தால், யாருக்கு யார் பயப்பட வேண்டும் என்பதே குழம்பிவிடும்.

கடற்புல் வெளிக்காரன் தனி. சிங்னாதாய்டிஸ் பயாகுலியாட்டஸ், பச்சை நிறம், புல்லோடு புல்லாகச் செங்குத்தாக நிற்கும். வால் துடுப்பே இல்லை. வாலால் புல்லைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். 28 சென்டிமீட்டர்வரை வளர்ந்தாலும் அரை மீட்டர் தூரத்தில் கண்ணுக்குத் தப்பிவிடும்.

இரையை எப்படிப் பிடிக்கிறது? நீந்துவதே ஆமை வேகம் என்கிறீர்களே.
— மாணவர், கெப்போங்

உடம்பு மெதுவு, தலை மின்னல். இரைக்கு ஒரு சென்டிமீட்டருக்குள் நைசாக நெருங்கும். கண்கள் இரண்டும் தனித்தனியாகத் திரும்பி அளவெடுக்கும். இதற்குள் கழுத்துத் தசை சுருங்கி, அந்த இழுவிசையைத் தசைநாரில் சேர்த்து வைத்துவிட்டிருக்கும். தொண்டையடி எலும்பு ஒரு பூட்டுபோல அதைத் தடுத்து நிறுத்தியிருக்கும். பூட்டு விலகியதும் தலை மேல்நோக்கி வெட்டும். மூக்குநுனி இரைக்கு எதிரே போய் நிற்கும் அதே கணத்தில் குழல் விரிந்து தண்ணீரோடு இரையை உறிஞ்சிவிடும். எல்லாம் ஒரு நொடியின் நூறில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். தசை மட்டும் வேலை செய்தால் இந்த வேகம் வராது. கவண் வில்லில் கல்லை எறிவதுபோல, சேர்த்து வைத்த விசை.

குழல் நீளமாக இருந்தால் கொஞ்சம் தள்ளி நின்றே பிடிக்கலாம். ஆனால் குறுகலான குழலில் பெரிய இரை ஏறாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஒவ்வொரு இனமும் தன் மூக்கின் நீளத்தை வைத்திருக்கிறது.

பத்து ஃபெரிங்கியில் எத்தனையோ முறை கண்ணாடி போட்டுக் குளித்திருக்கிறோம், ஒன்றுகூடக் கண்ணில் பட்டதில்லை. பினாங்கில் இல்லையா? பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்குக் காட்ட எங்கே போகலாம்?
— வாசகி, குளுகோர்

பத்து ஃபெரிங்கித் தண்ணீரில் உங்கள் கைவிரலே தெரியாதே, அம்மா! சுற்றியிருக்கும் ஆறுகளும் சதுப்புநிலங்களும் கொண்டுவரும் சேறு மிதக்கிற கடல் அது. வெளிச்சம் அடிவரை போகாத இடத்தில் பவளம் தழைக்காது. தீவின் தென்மேற்கே புலாவ் கெண்டியைச் சுற்றிக் கொஞ்சம் பவளம் உண்டு. அங்கேயும் தெளிவு நாளுக்கு நாள் மாறும். பாலத்துக்குப் பக்கத்தில் ‘மிடில் பேங்க்’ என்ற மணல்மேட்டில் கடற்புல் வெளி இருக்கிறது. வடிநீரில் மட்டும் தலைகாட்டும் இடம். கடற்புல் குழல்மீன்களுக்கு ஏற்ற வாழிடம்தான். ஆனால் படகுப் போக்குவரத்தும் சேறும் உள்ள இடத்துக்குப் பிள்ளைகளை நீங்களாகக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

வடக்கே பக்கத்தில் இருப்பது புலாவ் பாயார், லங்காவிக்குத் தெற்கே உள்ள கடற்பூங்கா. நிஜமாகவே பவளக் குழல்மீன் பார்க்க வேண்டுமென்றால் கிழக்குக்கரை: பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான். நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை வடகிழக்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும், விடுதிகள் பெரும்பாலும் மூடிக்கிடக்கும். வருடக் கடைசி விடுமுறைக்குத் திட்டம் போட்டிருந்தால் மாற்றிவிடுங்கள்.

போன பிறகு எங்கே தேடுவது? எல்லாரும் வண்ணப் பவளத்தின் மேலேயே மிதப்பார்கள். நீங்கள் அதன் விளிம்புக்கு வாருங்கள். பவளம் முடிந்து மணல் தொடங்கும் இடத்தில், பாசி படர்ந்த உடைசல்களின் மேல், ஒன்றரை முதல் மூன்று மீட்டர் ஆழத்தில் பாருங்கள். காலை வேளை நல்லது. வெயில் சாய்வாக விழுவதால் நிழல் காட்டிக்கொடுக்கும். அந்த நேரத்தில் சோடிகள் சேர்ந்தும் இருக்கும். துடுப்பை அடிக்காமல் ஒரே இடத்தில் இரண்டு நிமிடம் சும்மா மிதந்தால் போதும். குச்சி என்று நினைத்தது நகரும். ஒன்றைக் கண்டுவிட்டால் ஒரு மீட்டருக்குள் இன்னொன்று இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும்.

உயிர்ச்சட்டையை அவிழ்த்துவிட்டுப் பவளத்தின்மேல் எழுந்து நிற்கிற பழக்கம் நம்மவர்களிடம் கொஞ்சம் அதிகம். பவளம் உடைவது ஒரு பக்கம். மணல் கிளம்பி, சல்லடைபோல் நுண்ணிய அந்தச் செவுள்துளைக்குள்ளும் போகும். கையால் தொடவோ, படத்துக்காக விரலால் தள்ளிவிடவோ வேண்டாம். இவை தங்கள் சிறு வட்டாரத்தை விட்டுப் போகாதவை. நீங்கள் விலகிப் போனாலே மறுபடி பார்க்கலாம்.

ஆண் கர்ப்பம் தரிக்கிறது என்பதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். உண்மையில் என்ன நடக்கிறது? முட்டை பெண்ணுடையதுதானே?
— ஆசிரியை, பிரிக்ஃபீல்ட்ஸ்

முட்டை பெண்ணுடையது. அதைச் சுமப்பது, மூச்சுக்காற்று கொடுப்பது, உப்பின் அளவைச் சமன் செய்வது எல்லாம் ஆண். சில இனங்களில் ஊட்டமும் தகப்பன் உடம்பிலிருந்தே போகிறது. வாயும் வயிறுமாக இருப்பது அப்பாதான், சிரித்துவிட்டுப் போகட்டும்.

படத்தில் உள்ள இனத்தை வைத்தே சொல்கிறோம். பெண்தான் பெரும்பாலும் முதலில் நெருங்குகிறது. சோடி தரையிலிருந்து கொஞ்சம் எழும்பி, வயிற்றோடு வயிறு ஒட்டும்போது, பெண் தன் முட்டைகளை ஆணின் வாலடிக்கு மாற்றிவிடுகிறது. அங்கே இரண்டு பக்கமும் தோல்மடிப்பு உண்டு. முட்டைகள் அதற்குள் வரிசையாகப் பதிகின்றன. கருவுறுதல் அங்கேதான் நடக்கிறது. ஆகவே ‘இது என் பிள்ளைதானா’ என்ற சந்தேகத்துக்கே இடமில்லை. மரபணுச் சோதனைகளிலும் சுமந்த ஆணே தகப்பன் என்றுதான் வந்திருக்கிறது.

வெதுவெதுப்பான தண்ணீரில் ஏறக்குறைய இரண்டு வாரச் சுமை. குளிர்ந்தால் நாள் கூடும். படத்தை எடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள்: ஆணின் அடிவாலில் பாசிமணி கோத்ததுபோல இருக்கும். ஒவ்வொரு மணியிலும் இரண்டு கரும்புள்ளிகள் தெரிந்தால் அவை குஞ்சுகளின் கண்கள். பொரிக்கும் நாள் பக்கத்தில். குஞ்சுகள் சில மில்லிமீட்டர்தான். வெளியே வந்ததும் அவை நீரோட்டத்தோடு போகின்றன. அப்பாவின் பொறுப்பு அத்தோடு சரி, ஒருநாள்கூட உடனிருந்து பார்ப்பதில்லை.

சுமக்கும் இடம் எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல. கடல்குதிரைக்கு மூடிய பை. கோரிதோய்க்திஸுக்கு வாலடியில் மடிப்பு. டோரிராம்பஸ், டன்கரோகேம்பஸ் இரண்டுக்கும் வாலில் அல்ல, வயிற்றடியில். டன்கரோகேம்பஸில் முட்டை திறந்தபடியே ஒட்டியிருக்கும். பை மூடியிருக்கும் அளவுக்குத் தகப்பனின் பங்கும் கூடுகிறது.

இப்போது மாணவர்கள் நிச்சயம் கேட்கப்போகும் கேள்வி: ஆண் சுமந்தால் பெண்ணுக்கு என்ன வேலை? அடுத்த தொகுதி முட்டையைத் தயாரிக்கிற வேலை. ஜப்பானில் இந்த இனத்தைக் கடலுக்கடியில் தொடர்ந்து கவனித்த ஆய்வாளர்கள், ஒரே சோடி திரும்பத் திரும்பச் சேர்வதைக் கண்டார்கள். தினம் காலையில் இரண்டும் சந்தித்துக்கொள்கின்றன, பக்கத்தில் பக்கமாகக் கொஞ்ச தூரம் நீந்துகின்றன, பிறகு மேயப் பிரிகின்றன. குஞ்சு பொரித்ததும் தாமதமில்லாமல் அடுத்த முட்டை ஏறிவிட வேண்டும். இந்தத் தினசரிச் சந்திப்பு இருவரையும் ஒரே தாளத்தில் வைத்திருக்கிறது. தயாரான முட்டையைப் பெண் நெடுநாள் வைத்திருக்க முடியாது. ஆணும் காலி மடிப்போடு சும்மா இருந்தால் அந்த நாட்கள் வீண்.

எல்லாரும் இப்படி ஏகபத்தினி விரதர்கள் இல்லை. மெக்சிகோ வளைகுடாக் குழல்மீனில் ஒரு பெண் பல ஆண்களுக்கு முட்டை கொடுக்கும். அங்கே ஆணுக்காகப் போட்டி போடுவதும் பளிச்சென்று கோடு போட்டுக்கொள்வதும் பெண்தான். அந்த இனத்தைப் பற்றி 2010இல் வந்த ஓர் ஆய்வு, கர்ப்பத்தை அன்பு என்று மட்டும் பாடம் நடத்துபவர்களுக்குக் கொஞ்சம் அதிர்ச்சி தரும். பெரிய உடம்புள்ள பெண்ணின் முட்டைகளை ஆண் அதிகம் காப்பாற்றிக் கரை சேர்க்கிறது. சின்னப் பெண்ணின் முட்டை என்றால் பிழைப்பது குறைவு. ஒரு சுமையில் நிறையச் செலவழித்த ஆண் அடுத்த சுமையில் கையைச் சுருக்கிக்கொள்கிறது. பை, ஊட்டும் இடம் மட்டுமில்லை, கணக்குப் பார்க்கும் இடமும்கூட. இதையும் வகுப்பில் சொல்லுங்கள்.

பிறந்தநாளுக்கு வாங்கிய வளையக் குழல்மீன் பன்னிரண்டு நாளில் செத்துவிட்டது. தொட்டி 120 லிட்டர், ஒரு சோடி கோமாளி மீன், ஒரு கடல் அனிமோன், பவளம் எல்லாம் நன்றாக இருக்கின்றன. தண்ணீர்ச் சோதனையில் அம்மோனியா இல்லை, தினம் ஒருமுறை உறைந்த இறாலும் கொடுத்தேன். பிறகு ஏன்?
— வாசகர், ஜாலான் ஈப்போ, கோலாலம்பூர்

காரணம் நாலு. அதில் மூன்று உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன. முதல் காரணம் ‘தினம் ஒருமுறை’. இரைப்பை இல்லாத மீனுக்கு அது பட்டினி. இரண்டாவது, உறைந்த இறால் அந்த வாய்க்குள் நுழையாது. நுழைகிற துணுக்கைக் கோமாளிகள் முந்திக்கொண்டிருக்கும். மூன்றாவது அனிமோன். நழுவி அதில் உரசினால் கொட்டும், காயத்தில் கிருமி ஏறும். நான்காவதை நீங்கள் எழுதவில்லை, ஆனால் கோலாலம்பூர் வீடு என்பதால் ஊகிக்கலாம்: சூடு. பகலில் வீடு பூட்டிக் கிடந்தால் தண்ணீர் 30 டிகிரியைத் தொடும். இந்தக் குடும்பத்து மீன்களைக் கொல்லும் விப்ரியோ வகைக் கிருமிகளுக்குச் சூடு கொண்டாட்டம். மூக்கு நுனியில் வெள்ளைப் பஞ்சுபோல் தெரிந்ததா, அழுகியதா? இருந்தால் அதுதான்.

மறுபடி வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

தொட்டி ஓடத் தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். பாறையில் பாசியும் அதில் நுண்ணுயிரிகளும் ஊறாத புதுத் தொட்டியில் குழல்மீன் இரண்டு சாப்பாட்டுக்கு நடுவே எதைக் கொத்தும்? வெப்பம் 24 முதல் 26 டிகிரி, உப்படர்த்தி 1.024 – 1.025, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம், நைட்ரேட் 20 பிபிஎம்முக்குக் கீழே. குளிர்விக்கச் சில்லர் சிறந்தது. கைக்கு அடங்காவிட்டால் தண்ணீர்ப்பரப்பின்மேல் வீசும் சின்ன ஃபேன் இரண்டு மூன்று டிகிரி குறைக்கும். ஆனால் ஃபேன் தண்ணீரை ஆவியாக்கும், உப்பு ஆவியாகாது. குறைந்த தண்ணீரை உப்புத் தண்ணீரால் நிரப்பினால் ஒரு வாரத்தில் உப்பு எகிறிவிடும். வடிகட்டிய ஆர்ஓ நன்னீரைத்தான் தினமும் ஊற்ற வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

பம்ப் உறிஞ்சும் வாய்க்குக் கண்டிப்பாக ஸ்பாஞ்ச் மாட்டுங்கள். மெதுவாக நீந்தும் மீன் அதில் ஒட்டிக்கொண்டால் தானாக மீளாது. கூட இருப்பவர்களில் கோமாளி, டாம்சல், ராஸ், டிரிகர், பஃபர் எல்லாம் ஆகாது. அனிமோனும் நீண்ட கொடுக்குள்ள பவளங்களும் ஆகாது. உங்கள் தொட்டியில் கோமாளியும் அனிமோனும் குடியேறிவிட்டன. அவற்றைத் துரத்துவது நியாயமில்லை. குழல்மீனுக்குத் தனித் தொட்டி வைக்க முடிந்தால் வையுங்கள், முடியாவிட்டால் ஆசையை விட்டுவிடுவதே நல்லது. சமாதானமாக ஏதும் சொல்ல எங்களிடம் இல்லை.

கடையில் மீனைப் பார்த்ததும் பணத்தை எடுக்காதீர்கள். ‘தீனி போட்டுக் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். உங்கள் கண்முன் கொத்தித் தின்ன வேண்டும். அடிப்பக்கம் உள்வாங்கிக் கத்தி விளிம்புபோல் இருந்தால் பட்டினி முற்றிவிட்டது. அது தேறுவது அரிது. வலையில் அள்ளித் தூக்க விடாதீர்கள். தண்ணீருக்குள்ளேயே ஒரு குவளையில் ஏற்றச் சொல்லுங்கள். வெளியே எடுத்தால் குழலுக்குள் காற்று மாட்டிக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்ததும் தனித் தொட்டியில் நாலு வாரம் வைத்துக் கவனியுங்கள். டோரிராம்பஸ் வாங்கினால் ஆணும் பெண்ணுமாகப் பாருங்கள், இரண்டு ஆண்கள் ஒரே தொட்டியில் மோதிக்கொள்ளும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு டோரிராம்பஸ்தான் கொஞ்சம் பிடிகொடுக்கும். உறைந்த தீனிக்குப் பழகும். கோரிதோய்க்திஸ் அடம்பிடிக்கும்.

தீனி: நாளுக்கு மூன்று நான்கு முறை, கொஞ்சம் கொஞ்சமாக. முதல் வாரங்களில் உயிருள்ள தீனியே. பிரைன் இறால் என்ற சிறு உப்புநீர் ஓட்டுயிரியின் குஞ்சை வீட்டிலேயே பொரிக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் உப்பு, ஏறக்குறைய ஒரு கிராம் முட்டை, கீழிருந்து பலமான காற்று, மேலே ஒரு விளக்கு. 28 டிகிரியில் ஒருநாளில் பொரிந்துவிடும். நம் ஊர்ச் சூடு இந்த ஒரு வேலைக்கு உதவும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் காலி ஓடுகள் மேலே மிதக்கும், ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் கீழே வெளிச்சத்தை நோக்கிக் கூடும். அவற்றை மட்டும் சின்னக் குழாயால் இழுத்து, மெல்லிய துணியில் வடித்து, நன்னீரில் அலசிப் போடுங்கள். ஓடு கலந்தால் குடலில் அடைக்கும்.

பொரிந்த சில மணி நேரத்துக்குள் கொடுத்தால் மஞ்சள்கருச் சத்து இருக்கும். அதைத் தாண்டினால் குஞ்சு வெறும் சக்கை. அரைநாள் கழித்து அது தோலுரித்துத் தானே தின்னத் தொடங்கும். அப்போது நுண்பாசியோ கொழுப்புச்சத்துக் கரைசலோ கொடுத்து இன்னும் அரைநாள் ஊட்டி, பிறகு மீனுக்குப் போடலாம். இதைச் செய்யாமல் பிரைன் இறால் மட்டுமே கொடுப்பவர்களின் மீன், தின்றுகொண்டே மெலிந்து சாகும். அதன் பிறகு உறைந்த மைசிஸை (இறால்போன்ற சிறு ஓட்டுயிரி) கரைத்து, அலசி, பொடியாக நறுக்கி, பிப்பெட்டில் மூக்குக்கு முன்னால் மெல்ல விடுங்கள். அசைவதைத்தான் அது இரையாக மதிக்கும். கீழே விழுந்து கிடப்பதைப் பெரும்பாலும் திரும்பிப் பார்க்காது. பத்து நிமிடம் கழித்து மிச்சத்தை உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

ஜார்ஜ்டவுன் சீன மருந்துக்கடையில் காய்ந்த குச்சிபோல் கட்டுக்கட்டாக இருப்பது இதே மீனா? சூப்பில் போடலாமா என்று கேட்கிறார் பக்கத்து வீட்டு அம்மா.
— வாசகி, ஜார்ஜ்டவுன்

உறவு மீன். ஹாய்லோங் என்று விற்பார்கள். பெரும்பாலும் கடற்புல்லில் வாழும் சிங்னாதாய்டிஸும், ஆழக்கடலின் தடித்த சொலெக்னாதஸும். பவளக் குழல்மீன் அந்தக் கட்டில் சேரும் அளவுக்குப் பருமன் இல்லை. இழுவலையில் இறாலோடு சேர்ந்து வருவதும் உண்டு. கடல்குதிரைகள் அனைத்தும் 2004 மே மாதம் முதல், அருகிவரும் உயிரினங்களின் உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. ஏற்றுமதிக்கு அனுமதி வேண்டும். குழல்மீன்களுக்கு அப்படி ஒட்டுமொத்தக் காவல் இல்லை. ஒரு வட்டாரத்தை விட்டு நகராத, சோடி பிரிந்தால் இனப்பெருக்கம் தடைப்படும் உயிர் என்பதால், ஒரே இடத்தில் அள்ளினால் அங்கே மீள்வது மெதுவு. சூப்புக்குக் கோழியே போதும் என்று அந்த அம்மாவிடம் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டுப் பின்னால் ஓடையில் தூரி போட்டபோது பென்சில்போல ஒரு மீன் வந்தது. முரல் குஞ்சு என்றார் அப்பா. குழல்மீன் நன்னீரில் இருக்குமா?
— மாணவி, புக்கிட் மெர்தாஜாம்

இருக்கும். டோரிக்திஸ் வகைக் குழல்மீன்கள் தீபகற்பத்தின் ஆறு, ஓடைகளில் உண்டு. முரலா குழல்மீனா என்று வாயைப் பார்த்துச் சொல்லிவிடலாம். முரலுக்கு நீண்ட தாடைகள் திறந்து மூடும், ஊசிப்பல் இருக்கும். குழல்மீனின் நீட்டம் முழுவதும் மூடிய குழல், நுனியில் மட்டும் சின்ன வாய். விரலால் மெல்லத் தடவினால் வளையங்கள் நெருடும். வயிற்றடியில் முட்டை ஒட்டியிருந்தால் அது அப்பா மீன். உங்கள் அப்பாவிடம் காட்டிவிட்டு உடனே தண்ணீரில் விட்டுவிடுங்கள்.

தியோமானில் முக்குளித்த நண்பர், ‘பெண் குழல்மீன்தான் முட்டை சுமந்தது, வழிகாட்டியே சொன்னார்’ என்று சத்தியம் செய்கிறார். நீங்கள் எழுதியது தவறா?
— வாசகர், பிறை

இருவரும் சரி. நண்பர் பார்த்தது பேய்க்குழல்மீன், சொலெனோஸ்டோமஸ். பெயரிலும் குழல் உருவத்திலும் ஒற்றுமை, ஆனால் குடும்பம் வேறு. அதில் பெண்ணின் வயிற்றுத் துடுப்புகள் பெரிய விசிறிபோல வளர்ந்து, ஓரம் உடம்போடு ஒட்டி ஒரு பையாகிவிடும், முட்டை அதற்குள். அடுத்த முறை போகும்போது வயிற்றுத் துடுப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் பேய்க்குழல், சுமப்பது அம்மா. அறவே இல்லாவிட்டால் அசல் குழல்மீன், சுமப்பது அப்பா. பேய்க்குழல் பெரும்பாலும் தலையைக் கீழே தொங்கவிட்டு, இறகு அல்லிகள் என்ற கடலுயிர்களின் பக்கத்தில் காய்ந்த இலைபோல மிதக்கும். அதையும் தொட வேண்டாம்.